மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் கலக்கம்

வாசகர் கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

எனக்கு வயது 52. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். என் மாமியார் பக்கவாதம் வந்து ஐந்து ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளில் நினைவும் தவறிவிட்டது. நான்தான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். கடந்த மாசியில் காலமானார். "இனி உனக்கு விடுதலை, நிம்மதியாக இரு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கும் நான்கரை மணிக்கும் தானாக விழிப்பு வருகிறது. காலையில் எட்டு மணி வரை படுக்கையிலேயே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளிக்கப் பன்னிரண்டு மணியாகிறது. எனக்கு மட்டும் சமைக்கத் தோன்றவில்லை. மதியம் படுத்தால் ஐந்து மணிக்கு எழுகிறேன், அப்போதிலிருந்து ஒரு பயமும் கலக்கமும் பிடித்துக்கொள்கிறது. கணவர் உரக்கடையிலிருந்து வர இரவு ஒன்பதாகும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். கைப்பேசியில் பார்த்து யோகா, தியானம், நன்றிக் குறிப்பேடு, பத்தாயிரம் அடி நடை என்று தொடங்கினேன், நான்கே நாளில் விட்டுவிட்டேன். சின்னச் சின்னப் பழக்கங்களால் மனம் தேறும் என்பது உண்மையா? அல்லது எனக்கு மருந்து தேவையா? மாமியாரின் அறையை அப்படியே வைத்திருப்பது தவறா?

மருத்துவ உளவியலாளர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்கு, உண்மை என்பதே என் பதில். ஆனால் நீங்கள் கைப்பேசியில் பார்த்த அந்தப் பட்டியல் உங்கள் நிலையில் இருப்பவருக்காக எழுதப்பட்டதன்று. ஆகவே அதைத் தொடர முடியாமற்போனதை உங்கள் சோம்பலுக்கோ மனவலிமைக் குறைவுக்கோ சான்றாகக் கொள்ள வேண்டாம். மருந்து தேவையா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். பழக்கமா மருந்தா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஐந்து மாதங்களில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் பார்ப்போம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, வேளைக்கு மாத்திரை, வேளைக்குக் கஞ்சி, உடல் துடைப்பது, துணி மாற்றுவது என்று ஐந்து ஆண்டுகள் உங்கள் நாளை இன்னொருவரின் உடல் நடத்திச் சென்றது. எப்போது எழுவது, எப்போது சமைப்பது, எப்போது உட்காருவது என்று நீங்கள் ஒருபோதும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் மறைந்தபோது அன்பான ஒருவரோடு சேர்ந்து அந்தக் கால ஒழுங்கு முழுவதும் ஒரே நாளில் போய்விட்டது. போதாக்குறைக்கு, துக்க ஆண்டு என்பதால் ஆடிப்பெருக்கும் தீபாவளியும் பொங்கலும் இந்த வருடம் உங்கள் வீட்டில் இல்லை. ஆக, நாளுக்கும் பிடிப்பில்லை, மாதத்துக்கும் பிடிப்பில்லை. சிண்டி எஹ்லர்ஸ், எலன் ஃபிராங்க், டேவிட் குப்ஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1988இல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே பொருந்தும். உறவின் இழப்பு நம்மைத் தளர்த்துவதற்கு, அந்த உறவோடு சேர்ந்து நடந்துவந்த உணவு, உறக்கம், பேச்சு, வேலை ஆகியவற்றின் நேர ஒழுங்கு குலைவதும் ஒரு காரணம் என்றும், அந்தக் குலைவு உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தையும் குழப்பி மனச்சோர்வுக்கு வழி வைக்கலாம் என்றும் அவர்கள் கருதினார்கள்.

"விடுதலை" என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த வரியை நான் படிக்க முயலவில்லை. ஆனாலும் நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் பலர் மரணத்துக்குப் பிறகு ஒரு நிம்மதியை உணர்வதும், உணர்ந்த மறுகணமே அதற்காகத் தங்களை வெறுப்பதும் நான் அடிக்கடி கேட்பவை. அந்த நிம்மதி அன்பின்மையால் வருவதில்லை. ஐந்து ஆண்டு தூக்கமின்மைக்குப் பிறகு எந்த உடலும் அப்படித்தான் இளைப்பாறும்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். யோகாவும் தியானமும் பலருக்கு நன்மை செய்பவைதான். ஆனால் புதிய இழப்பில் இருக்கும் ஒருவரைக் கண்ணை மூடித் தனியாக உட்காரச் சொன்னால், அவர் எதைத் தவிர்க்க நினைக்கிறாரோ அதுவே எதிரே வந்து நிற்கும். ஆகையால் தொடக்க மாதங்களில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நன்றிக் குறிப்பேடும் அப்படித்தான்: நன்றியுணர்வு வராத நாளில் அது இன்னொரு குற்றவுணர்வாக மாறிவிடுகிறது. பத்தாயிரம் அடி என்ற கணக்கோ மருத்துவர்கள் வகுத்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி அளவி" என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அந்த எண் அப்படியே உலகம் முழுவதும் பரவிவிட்டது. ஐந்து ஆண்டுகள் ஒரே அறைக்குள் இரவுபகலாக உழன்ற உடலுக்கு முதல் மாதத்திலேயே அந்த இலக்கை வைப்பது நியாயமில்லை. நடையை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியலின் பெரிய குறை வேறொன்று: அது நாள் முழுவதையும் நிரப்பப் பார்த்தது. பந்தல் போடுபவர்கள் முதலில் கால்களை ஊன்றிவிட்டுப் பிறகுதான் கீற்றை ஏற்றுவார்கள்; உங்களுக்கும் இப்போது வேண்டியவை இரண்டு கால்கள், அதாவது காலையில் எழும் நேரமும் மாலை ஐந்து மணியும். இவ்விரண்டையும் ஊன்றிவிட்டால் நடுவில் உள்ள பொழுது சில நாள் ஒழுங்கின்றிக் கிடந்தாலும் பாதகமில்லை.

"செய்யத் தோன்றவில்லை" என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். தோன்றினால் செய்யலாம் என்று காத்திருப்பது இயல்பு. ஆனால் சோர்ந்த மனத்தில் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. முதலில் செயல், பிறகுதான் அதற்கான நாட்டம். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூயின்சன் 1970களில் இந்த வழியில் சிந்தித்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. மனச்சோர்வுக்கான முழு அறிதிறன் சிகிச்சையையும் (எண்ணங்களை ஆராய்ந்து மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), அதிலிருந்து அன்றாடச் செயல்களை மீட்டுத் தரும் பகுதியை மட்டும் தனியே எடுத்துத் தந்த சிகிச்சையையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் பயன் தந்தன. இன்று நாங்கள் தரும் செயலூக்கச் சிகிச்சை இந்த வழியில் வந்ததே. ஆகவே, தோன்றாதபோதே செய்வதற்கு ஏற்ற அளவில் வேலை சிறியதாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

காலை எழும் நேரத்தை ஐந்தரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கரைக்கே விழிப்பு வந்தாலும், இரவு சரியாக உறங்காவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் அதே நேரம்தான். எழுந்ததும் கைப்பேசியைத் தொடாமல் வாசலுக்கு வந்துவிடுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும் வழக்கம் உங்களுக்கு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். காரியம் முடிந்த பிறகும் அதைத் தொடங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாளையிலிருந்து தொடங்குங்கள். பெரிய கோலம் வேண்டாம், ஐந்து புள்ளி போதும். போட்டு முடித்தபின் உடனே உள்ளே போகாமல், காபியையும் வெளியே கொண்டுவந்து, நன்றாக விடியும்வரை திண்ணையில் உட்காருங்கள். நம் கண்ணின் விழித்திரையில், பார்வைக்காக அல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குத் தெரிவிப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உள்ள உடற்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தக் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுவது. தினமும் காலை வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. வீட்டுக்குள் விளக்கொளி 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் இருக்கும், வெளியே நிழலில் உட்கார்ந்தாலும் அது ஆயிரக்கணக்கில் உயர்ந்துவிடும். எட்டு மணி வரை சன்னல் மூடிய அறையில் இருப்பவருக்கு இரவுத் தூக்கம் கலைவதில் வியப்பில்லை.

குளியலைக் காலை உணவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. தனக்கென்று உலை வைக்கத் தோன்றாத காலத்தில் மோர் சாதமும் ஊறுகாயும்கூட உணவுதான். மதியம் ஒரு மணிக்குத் தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அடுப்படியில் நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள். முடிந்தால் வாரத்தில் இரண்டு நாள் கணவரை மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

மாலைதான் உங்கள் கடிதத்தின் மையம். பொழுது சாயும் நேரம் பிரிந்தவரை நினைத்து உருகும் நேரம் என்பதை நம் இலக்கியம் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. ஆனால் உங்கள் கலக்கத்துக்கு மிக எளிய உடற்காரணமும் ஒன்று இருக்கிறது. இரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுபவர் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவிலிருந்து, வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கும் ஆளில்லாத வீட்டுக்குள் விழிக்கிறார். அப்போது தலை கனப்பதும், நெஞ்சு படபடப்பதும், இது காலையா மாலையா என்று ஒரு கணம் விளங்காமல் போவதும் எவருக்கும் நேரும். பகல் தூக்கத்தை அரை மணி நேரமாகக் குறைத்து, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். அலாரம் வைத்தாவது எழுந்துவிடுங்கள். இந்த ஒரு மாற்றமே மாலைப் பயத்தில் ஒரு பகுதியைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்து, ஐந்து மணிக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்தி என்னை நிறுத்தி வைத்தது: உங்கள் பெயரே மறந்துபோன பிறகும், மடியில் பூவைப் போட்டு நாரைக் கையில் கொடுத்தால் மாமியார் தொடுத்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கை வலுவிழந்த நிலையில், நாரின் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ள, அவர் முடிச்சிடுவார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். முகங்களையும் பெயர்களையும் இழந்த மூளை, பல ஆண்டுகள் பழகிய கைவேலையை நெடுநாள் வைத்திருப்பது உண்டு. அந்த நினைவு மூளையில் வேறு வழியில் பதிவது. அவர் மறைந்த பிறகு நீங்கள் பூ வாங்குவதையே நிறுத்திவிட்டீர்கள். நான் உங்களுக்குத் தரும் மாலை வேலை இதுதான். பூக்காரரிடம் மறுபடியும் நூறு கிராம் உதிரிப்பூ வாங்குங்கள், மல்லி இல்லாத காலத்தில் முல்லையோ கனகாம்பரமோ வாங்கலாம். ஐந்து மணிக்கு வாழைநாரை நனைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள். இந்தப் பக்கம் இரண்டு மொக்கு, அந்தப் பக்கம் இரண்டு மொக்கு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு, மறுபடி அதேபோல. இந்த வேலையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மொக்கு விரிவதற்குள் கட்டியாக வேண்டும் என்பதால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. விரல்கள் ஓயாமல் இயங்குவதால் மனம் ஒரே எண்ணத்தைச் சுற்றிச்சுற்றி வருவது தணியும், ஆனால் அழுகை வந்தால் அழவும் அதில் இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிய சரத்தை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். படத்துக்கு ஒரு முழம் சாற்றிவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குள் பக்கத்து வீட்டுக்கோ எதிர் வீட்டுக்கோ போய்க் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். ஐந்து ஆண்டுகளாக யார் வீட்டுக்கும் போகாதவருக்குத் திடீரென்று போய் நிற்பது கூச்சமாக இருக்கும். கையில் பூ இருந்தால் போவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பத்து நாளில் அந்த வீட்டுப் பெண் வாசலில் உங்களை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார், அதன்பின் போகாமலிருப்பதுதான் கடினமாகும்.

திரும்பி வந்ததும் வீட்டில் எல்லா அறைகளிலும் விளக்கைப் போடுங்கள், மாமியாரின் அறை உட்பட. கணவர் வரும் வரை உள்ள பொழுதுக்குத் தொலைக்காட்சியைவிட வானொலியை நான் விரும்புவேன். வானொலியில் செய்திக்கு ஒரு நேரம், பாட்டுக்கு ஒரு நேரம் என்று இருக்கிறது. கைகளும் கால்களும் கட்டுப்படாமல் அடுக்களை வேலையைச் செய்துகொண்டே கேட்கலாம்.

இரவு இரண்டு மணி விழிப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது நீங்கள் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்த நேரம். உடல் அந்த வேலைக்காக இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. அவருடைய காற்றுமெத்தையின் மோட்டார் ஓசை கேட்காததால் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதிலும் விந்தை இல்லை. ஒரு மேசை மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓடவிட்டால் ஏறத்தாழ அந்த ஓசையே கிடைக்கும். விழித்ததும் மணி பார்க்காதீர்கள். கால் மணி நேரம் ஆனது போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால், படுக்கையில் புரளாமல் எழுந்து கூடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, துணி மடிப்பதைப் போன்ற சலிப்பூட்டும் வேலை எதையாவது செய்துவிட்டு, கண் சொருகும்போது மட்டும் திரும்பிப் போங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் வகுத்த முறை இது. படுக்கை என்றால் தூக்கம் என்ற தொடர்பை மூளை மறுபடி கற்றுக்கொள்வதற்காக இப்படிச் செய்கிறோம். தொடக்கத்தில் இரண்டொரு வாரம் தூக்கம் இன்னும் குறைந்தது போலத் தோன்றும், விட்டுவிடாதீர்கள். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், கடைசிக் காபி மதியம் இரண்டு மணியோடு நிற்கட்டும்.

அறையைப் பற்றிக் கேட்டீர்கள். அப்படியே வைத்திருப்பது தவறில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் விளக்கியபடி, துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து வாடுவதற்கும் அன்றாட வாழ்க்கையைக் கவனிப்பதற்கும் இடையே மாறிமாறிப் போய்வந்துகொண்டிருப்பதே இயல்பான தேறுதல். ஒரே பக்கத்தில் தங்கிவிடும்போதுதான் சிக்கல். ஆகையால் அந்த அறைக்குள் போகவே கூடாது என்றும், நாளெல்லாம் அங்கேயே உட்காரலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். காலையில் ஒருமுறை சன்னலைத் திறந்து பெருக்கிவிட்டு வாருங்கள். மீதமிருக்கும் மாத்திரைகளை மட்டும் உடனே அப்புறப்படுத்திவிடுங்கள். தூக்க மாத்திரைகள் இருந்தால் கட்டாயமாக. சேலைகளையும் மற்றப் பொருள்களையும் யாருக்குக் கொடுப்பது என்பது தலைத்திவசத்துக்குப் பிறகு, உங்கள் நாத்தனாரும் வந்திருக்கும்போது முடிவு செய்ய வேண்டியது.

இடையில் சில நாள் எல்லாம் விட்டுப்போகும், ஒருநாள் எட்டு மணிக்குத்தான் எழுவீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தால் போதும், விட்டதற்கு ஈடுகட்ட வேண்டியதில்லை.

இனி மருத்துவரைப் பற்றி. நீங்கள் எழுதியவற்றுள் சோர்வு, நாட்டமின்மை, தூக்கக் குலைவு, படபடப்பு ஆகியவை துக்கத்தாலும் வரும், மனச்சோர்வு நோயாலும் வரும், தைராய்டு குறைந்தாலும் கூடினாலும், இரத்தச்சோகையாலும், வைட்டமின் பி12 குறைவாலும் வரக்கூடும். மாதவிடாய் நிற்கும் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுகளாக உங்கள் உடலை ஒரு மருத்துவரும் பார்க்கவில்லை என்று எழுதியிருப்பதால், இந்த வாரமே பொது மருத்துவரிடம் போய் இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். உடலில் குறை ஏதும் இல்லையென்றாலும், இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் தளர்ந்தே இருந்து அன்றாட வேலை நடக்காவிட்டால், மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த எல்லைக்கு அருகில்தான் இருக்கிறீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து தந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், கோலமும் பூவும் அதோடு சேர்ந்து நடக்கட்டும். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற கட்டணமில்லாத மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம், படுத்த நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம், மாலைக் கலக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்குத் தணிந்தது என்பவற்றை நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துவாருங்கள். அங்கே போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். மாலை உங்களுக்கு எப்படிக் கழிகிறது என்பது ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, மருத்துவர் கேட்கும்போது நீங்கள் சொல்வதை அவரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.